பாட்டு ஒழுகிய கதவு: பன்னிரண்டாயிரத்துக்குள் ஒரு கார் செட்டு

போன மாசியில் ஒரு சாயங்காலம் கம்பத்துத் தம்பி ஒருவர் என் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். 2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக், ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். வாரத்தில் நாலைந்து நாள் கம்பமெட்டு மலைப்பாதை ஏறி இறங்குவார். காய் காய்ந்ததும் மூட்டையைப் புற்றடிக்கோ போடிக்கோ ஏலத்துக்குக் கொண்டுபோவதும் இதே வண்டியில்தான். ஆக, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம் அவருக்குத் துணை பாட்டு மட்டும்.

"பாட்டுல உசுரே இல்லண்ணே. சவுண்டு வெச்சா கத்துது, கொறச்சா கேக்க மாட்டேங்குது."

குறையை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் மருந்தையும் அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் ஒன்று, டிக்கியில் வைக்க ஒரு பேஸ் டியூப், அதாவது பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தத்துக்கான குழாய் ஸ்பீக்கர். சித்தப்பா மகன் வண்டியில் அப்படித்தான் இருக்கிறதாம். கையில் பன்னிரண்டாயிரம் ரூபாய். "அதுக்கு மேல ஒத்த ரூவா கெடையாதுண்ணே, காய் வெல இருக்கிற இருப்புல வீட்டுல அடிப்பாங்க."

வண்டியை ஒரு ராத்திரி விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

முதலில் கேட்டுப் பார்த்தல்

கார் செட்டு வேலையில் ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து கேட்க வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை, கூலி வராத வேலை என்பதால். நான் ஈக்குவலைசரைத் தொட்டதும் காரணம் பாதி தெரிந்துவிட்டது. பேஸ் முழுக்க மேலே, ட்ரெபிள் என்கிற கீச்சுச் சத்தமும் முழுக்க மேலே, இரண்டையும் இன்னும் தூக்கும் லௌட்னஸ் ஆன். எல்லாவற்றையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தேன். அவருடைய பென் டிரைவில் இருந்தவை பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த பாட்டுகள். ஒரே பாட்டை நான்கு பேர் நான்கு முறை சுருக்கி அனுப்பிய பிறகு அதில் தாளத்தட்டு எல்லாம் மணல் கொட்டுகிற மாதிரிதான் கேட்கும். அதை ஒதுக்கிவிட்டு, நான் சோதனைக்கு வைத்திருக்கும், அதிகம் சுருக்காத 320 கேபிபிஎஸ் பாட்டுகளைப் போட்டேன்.

சோதனைப் பாட்டு என்றால் எங்களுக்கு இளையராஜாதான். அவர் பிறந்த பண்ணைப்புரம் இங்கிருந்து அரைமணி நேரத் தூரம் என்கிற ஊர்ப்பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவருடைய பாட்டுகளில் பேஸ் கிட்டார் வெறுமனே அடியில் உறுமிக்கொண்டிருக்காது, தனியாக ஒரு ராகம் பாடிக்கொண்டே போகும். அந்த வரியைக் காதால் பின்தொடர முடிகிறதா என்று பார்த்தால் போதும், வண்டியின் நாடி தெரிந்துவிடும். இந்த வண்டியில் பாடகர் குரல் வந்தது, வயலின் வந்தது. பேஸ் கிட்டார் சில சுரங்களில் மட்டும் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போனது. தபேலாவில் வலது கை கேட்டது, இடது கை இல்லை.

அடுத்து ஃபோனில், ஒரே சுருதியில் சத்தம் எழுப்பும் டோன் ஜெனரேட்டர் ஆப். 200 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 200 அதிர்வு) மெதுவாகக் கீழே இறக்கினேன். 125-க்கு வரும்போது வலது கதவு கிடுகிடுத்தது. 100-க்குக் கீழே சத்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை, கதவு பேட், அதாவது கதவின் உட்புற மூடி, உதறுகிற சத்தம் மட்டும். வெளியே வந்து கதவின் நடுவில் விரல் முட்டியால் தட்டினேன். காலி எண்ணெய் டின்னைத் தட்டிய மாதிரி இருந்தது.

கதவைத் திறந்தபோது

பேட்டைக் கழற்றியதும் கண்டவை இவை. கம்பெனி ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) காகிதம், காந்தம் பத்து ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிது. ஓரத்து வளையம் ஈரத்தில் நைந்து ஓரிடத்தில் கிழிந்திருந்தது. பத்து வருஷம் மலையேறிய ஸ்பீக்கர், அதைக் குறை சொல்ல மாட்டேன். பேட்டைப் பிடிக்கும் கிளிப்புகளில் மூன்று உடைந்து கிடந்தன. எப்போதோ கண்ணாடி மோட்டார் மாற்றியவர் கழற்றிய விதம் அப்படி.

உண்மையான வியாதி வேறு. கார்க் கதவின் உள்தகட்டில் மெக்கானிக் கை நுழைப்பதற்காகப் பெரிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அவற்றை மூடி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். இங்கே அந்தத் தாள் பாதி கிழிந்து, பிரவுன் டேப்பால் ஒப்புக்கு ஒட்டப்பட்டிருந்தது. உள்ளங்கை நுழையும் அளவில் இரண்டு ஓட்டை, தலையே நுழையும் அளவில் ஒன்று.

இதற்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தம்பி மறுநாள் கேட்டார். ஸ்பீக்கர் கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, பின்பக்கக் காற்று அதே நேரத்தில் இளகுகிறது. இரண்டும் நேர் எதிர். பின்பக்கத்துச் சத்தம் சுற்றி வந்து முன்பக்கத்தோடு சேர்ந்தால் ஒன்றையொன்று அடித்துத் தின்றுவிடும். மேல் ஸ்தாயியில் இது பெரிய பிரச்சினை ஆகாது. 3,000 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலைநீளம் பதினொரு சென்டிமீட்டர்தான். அது கோனிலிருந்து நேராகப் பாய்ந்து போகும். 100 ஹெர்ட்ஸின் அலைநீளமோ மூன்றரை மீட்டர் கிட்டத்தட்ட. அதற்கு ஒரு சாண் தள்ளியிருக்கும் ஓட்டை என்பது பக்கத்திலேயே இருப்பது மாதிரி. முன்னும் பின்னும் கைகுலுக்கிக்கொண்டு காணாமல் போய்விடும். அதனால்தான் குரல் மட்டும் தெளிவாக, பேஸ் மட்டும் இல்லாமல். எத்தனை விலைக்கு ஸ்பீக்கர் போட்டாலும் ஓட்டை அடைபடாத வரை பேஸ் அந்த வழியாக ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். கூரை ஒழுகுகிற வீட்டில் பெயிண்ட் அடிப்பதா முதல் வேலை?

சொன்னால் நம்ப மாட்டார் என்று தெரியும். ஒரு சோதனை வைத்தேன். இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

பட்டறையில் பழைய கல்யாண ஃப்ளெக்ஸ் ஒன்று கிடந்தது. அதை வெட்டி, இடது கதவின் மூன்று ஓட்டைகளையும் மூடி, சுற்றிலும் டேப் அடித்து ஒட்டினேன். ஸ்பீக்கர் அதே பழைய கிழிந்த ஸ்பீக்கர், ஓரக் கிழிசலுக்கு மட்டும் ஒரு துளி ரப்பர் பசை. வலது கதவை அப்படியே விட்டேன். மறுநாள் காலையில் தம்பியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, இடது வலது சத்தத்தைப் பங்கிடும் பேலன்ஸை முழுக்க வலது பக்கம் திருப்பி ஒரு பாட்டு. பிறகு முழுக்க இடது பக்கம் திருப்பி அதே பாட்டு.

"இந்தப் பக்கம் புது ஸ்பீக்கர் போட்டீங்களா?"

பேட்டை விலக்கி மணமகன் மணமகள் படத்தைக் காட்டினேன். ஸ்கிரீன் பற்றிய பேச்சு அதோடு பாதி அடங்கியது.

ஸ்கிரீன் ஏன் வேண்டாம் என்றேன்

மீதிப் பாதியை அடக்கக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஃபோனில் காட்டிய ஸ்கிரீன் பெட்டியில் 60 வாட் × 4 என்று போட்டிருந்தது. மொத்தம் 240 வாட். அதே படத்தில் ஒயர்க் கொத்தில் 15 ஆம்பியர் ஃப்யூஸ். ஓடுகிற வண்டியில் 14 வோல்ட் என்று வைத்தாலும் 15 பெருக்கல் 14, அதாவது 210 வாட்தான் அந்தப் பெட்டிக்குள்ளேயே போக முடியும். உள்ளே போவதைவிட வெளியே அதிகமாக வருகிற பெட்டி இன்னும் யாரும் செய்யவில்லை. போதாக்குறைக்கு, உள்ளே போவதில் கணிசமான பங்கு சூடாக வீணாகும். தனி ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) இல்லாத சாதாரணச் செட்டு எதுவும், 14.4 வோல்ட்டை வைத்துக்கொண்டு 4 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கரில் சுத்தமாகத் தரக்கூடியது அதிகபட்சம் 26 வாட். கணக்கு சுலபம்: 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி எட்டால் வகுக்க வேண்டும். நடைமுறையில் 20-க்குள் நிற்கும். கம்பெனிச் செட்டுக்குள் சத்தத்தைப் பெருக்குவதும் அதே வகை ஐசிதான் (சில்லு), அதே 20-க்குள்தான். ஆக, ஸ்கிரீன் போட்டால் படம் வரும், மேப் வரும், ரிவர்ஸ் கேமரா வரும், சத்தத்தில் ஒரு வாட் கூட ஏறாது.

இன்னொரு காரணம் ரேடியோ. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஃபோன் சிக்னல் போய்விடும். அங்கே கைகொடுப்பது கொடைக்கானல் பண்பலையின் 100.5, அல்லது மேலே போனபின் தேவிகுளம் நிலையத்தின் 101.4. அந்தத் தம்பி காலை நேரத்துக் கோடை எஃப்எம்மை விட மாட்டார். நான் கை வைத்த மலிவு ஸ்கிரீன்கள் பலவற்றில் ரேடியோ பகுதிதான் பலவீனம். ஊருக்குள் சரியாக எடுக்கும், மலைமறைவுக்குப் போனால் இரைச்சல். கம்பெனிச் செட்டின் ட்யூனர் பத்து வருஷம் கழித்தும் ஒழுங்காக இருந்தது. அதைக் கழற்றிப் போடுவது எனக்கு மனசு வரவில்லை. விலை கூடிய ஸ்கிரீன்கள் இப்படி இல்லை, ஆனால் அவற்றின் விலை இந்தப் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டும்.

அவர் செட்டில் இல்லாத ஒன்று ப்ளூடூத் மட்டும். வெளியிலிருந்து பாட்டு கொடுக்க ஒயர் செருகும் ஆக்ஸ் ஓட்டை இருந்தது. 450 ரூபாய் ரிசீவர் ஒன்றை அதில் செருகினால் முடிந்தது. சிகரெட் லைட்டரில் செருகி எஃப்எம் வழியாகப் பாட்டு அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை நான் யாருக்கும் சொல்வதில்லை. எஃப்எம்மில் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது, கூடவே இரைச்சல்.

ஸ்பீக்கர் வாங்கியது

பின் கதவு ஸ்பீக்கர்களைத் தொடவே இல்லை. முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவருக்கான வேலை இது, இருக்கிற காசு முழுவதும் முன் கதவுக்கு. நான்கையும் மாற்ற வேண்டும் என்று பலர் மட்டமான நான்கு வாங்குகிறார்கள். அதற்கு நல்ல இரண்டு மேல்.

ஸ்பீக்கர் பெட்டியில் 300 வாட், 350 வாட் என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்க்காதீர்கள் என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினேன். அது ஒரு நொடி தாங்குகிற அளவு, உங்கள் செட்டு தரப்போவதே 20. பார்க்க வேண்டியது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் சென்சிட்டிவிட்டி, டெசிபலில் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்பது. 3 டெசிபல் கூடினால் ஆம்ப்பின் சக்தியை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்தால் வரும் சத்தம், 91 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட்டிலேயே வந்துவிடும். ஆம்ப் வாங்கக் காசு இல்லாதவனுக்கு இதுதான் ஆம்ப்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில பெட்டிகளில் '1 வாட்' என்றும் சிலவற்றில் '2.83 வோல்ட்' என்றும் போட்டிருப்பார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டும் ஒன்று. 4 ஓம் கார் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் 2 வாட். அதாவது எண் 3 டெசிபல் ஏறித் தெரியும். 2.83 வோல்ட்டில் 92 என்று போட்டிருந்தால் ஒரு வாட்டுக்கு 89 என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் பார்க்காமல் இரண்டு பெட்டிகளை ஒப்பிடுவது படியையும் கிலோவையும் ஒப்பிடுவது மாதிரி. 3 ஓம், 2 ஓம் ஸ்பீக்கர்களும் கடையில் கிடைக்கும். அவை கூடுதல் கரண்ட் இழுக்கும். பழைய செட்டின் ஐசியை நான் சோதிக்க விரும்பவில்லை, 4 ஓம் மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன்.

மதுரைக்கு ஒரு வேலையாகப் போனவர் ஆறரை அங்குலக் காம்பொனன்ட் ஜோடி ஒன்றை 4,600 ரூபாய்க்கு வாங்கிவந்தார். ட்விட்டர் (கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) நடுவிலேயே சேர்ந்து வரும் கோஆக்சியல் என்றால் இதில் பாதி விலைக்கு முடிந்திருக்கும். ஆனால் இந்த வண்டியில் கதவு ஸ்பீக்கர் கணுக்கால் உயரத்தில் இருக்கிறது. ட்விட்டரும் அங்கேயே இருந்தால் பாட்டு காலடியில் பாடும். காம்பொனன்ட்டில் ட்விட்டர் தனி என்பதால் பக்கக் கண்ணாடி மூலையில் இருக்கும் முக்கோணத்தில் வைக்கலாம்.

மாட்டியது

பேட்டுக்குள் யாரும் பார்க்காத வேலைக்குத்தான் நேரம் அதிகம் பிடித்தது. வெளித்தகட்டின் உட்புறத்தை, ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் வரும் இடத்தை, முதலில் தின்னர் போட்டுத் துடைத்தேன். பத்து வருஷத் தூசியின் மேல் எதை ஒட்டினாலும் நிற்காது. பிறகு அலுமினியத் தாள் பூசிய 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட், ரப்பர் மாதிரி ஒட்டுகிறது. தகடு முழுக்க ஒட்ட வேண்டியதில்லை. அதிர்கிற தகட்டின் நடுப்பகுதியில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு மூடினாலே டின் சத்தம் போய்விடும். ரோலரை வைத்து அழுத்தித் தேய்ப்பதில்தான் வேலையே இருக்கிறது. மேலே புடைத்திருக்கும் டிசைன் மட்டமாகும்வரை தேய்க்க வேண்டும். உள்தகட்டின் ஓட்டைகளையும் அதே ஷீட்டால் மூடினேன், பெரிய ஓட்டைக்கு மட்டும் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி வைத்து அதன் மேல் ஷீட். நாளை கண்ணாடி மோட்டார் போனால் அந்தத் தகட்டை மட்டும் உரித்து எடுக்கலாம். இரண்டு கதவுக்கும் ஷீட் செலவு 2,200.

இதில் மிச்சம் பிடிக்கப் பார்த்தார் தம்பி. ஹார்டுவேர் கடையில் கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்றார். கிடைக்கும். ஆனால் கம்பத்து வெயிலில் நிறுத்தி வைத்த காரின் கதவில் கை வைக்கப் பாருங்கள். தார் இளகும், கதவுக்குள் வழியும், ஏசி போட்டால் வண்டிக்குள் ரோடு போடுகிற வாசம் வரும். அப்படி ஒரு வண்டியை மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டியிருக்கிறேன். கூலி கொடுத்தாலும் இனிச் செய்ய மாட்டேன்.

ஸ்பீக்கர் உட்கார ஒரு வளையம் வேண்டும். வழக்கமாக எம்டிஎஃப் என்கிற மரத்தூள் அழுத்திய பலகையில் வெட்டுவார்கள். குமுளியில் எனக்குப் பழக்கமான ஆசாரி சேட்டன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் அளவைக் கொடுத்தபோதே, "எம்டிஎஃப் வேண்டா, மழயத்து பப்படம் போலெ ஆகும்" என்றார். கார்க் கதவுக்குள் மழைத்தண்ணீர் வரும் என்பது பலருக்கு ஆச்சரியம். கண்ணாடி ஓரமாக இறங்கும் தண்ணீர் உள்ளே விழுந்து, அடியில் இருக்கும் துவாரம் வழியாக வெளியேறும். அது வடிவமைப்பே. இடுக்கி மழையில் ஓடுகிற வண்டிக்கு எம்டிஎஃப் ஒரு சீசன்கூடத் தாங்காது. தண்ணீர் தாங்கும் மெரைன் பிளையில் இரண்டு வளையம் வெட்டி, ஓரங்களுக்கு இரண்டு கை பெயிண்டும் அடித்துக் கொடுத்தார், 300 ரூபாய். வளையத்தைப் பொருத்தும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தத்தில் இடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பார்க்காமல் மாட்டி, முதல் டோல்கேட்டில் கண்ணாடியை இறக்கியபோது உடைத்துக்கொண்டவர்கள் உண்டு.

ஒயரை வெட்டவில்லை. வண்டியின் ஒயரோடு அப்படியே செருகி இணைக்கும் கப்ளர் 250 ரூபாய்க்குக் கிடைத்தது. விற்கும்போது பழைய ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிடலாம். பேட்டரி ஒயரையும் கழற்றவில்லை. சில கம்பெனிச் செட்டுகள் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ரகசிய எண் கேட்டு உட்கார்ந்துகொள்ளும், அந்த எண் எழுதிய அட்டை முதல் ஓனரிடமே தொலைந்திருக்கும். புதுக் கிளிப், ஃபோம் டேப், ஸ்குரூ, ஒயர் எல்லாம் 350.

எல்லாம் முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்குப் பாட்டைப் போட்டோம். பேஸ் இல்லை.

தம்பி என் முகத்தைப் பார்க்கிறார், நான் கதவைப் பார்க்கிறேன். ட்விட்டர் பளிச்சென்று கேட்கிறது, குரல் நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் அலைகிறது, பேஸ் பழைய ஸ்பீக்கரைவிட மோசம். பேலன்ஸை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பினேன். பேஸ் வந்தது. மறுபக்கம் திருப்பினேன். அங்கும் வந்தது. இரண்டும் சேர்ந்தால் போய்விடுகிறது. தனியாக இருந்தால் பேசுகிற இருவர் சேர்ந்தால் வாயே திறக்காத மாதிரி. அப்போதுதான் புரிந்தது, வலது கப்ளரில் பிளஸ் மைனஸை நானே மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு ஒயரும் ஒரே நிறம், ஒன்றில் மட்டும் மயிரிழைக் கோடு, ராத்திரி வெளிச்சத்தில் தெரியவில்லை. ஒரு கோன் முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகிறது. ஓட்டை வழியாக நடந்த அதே சண்டை, இப்போது இரண்டு கதவுகளுக்கும் நடுவில்.

இருபத்தைந்து வருஷமாக ஸ்பீக்கர் மாட்டுகிறவன், ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியை எடுக்கச் சோம்பல்பட்டதன் பலன். செட்டிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பேட்டரியின் பிளஸ்ஸைத் தொட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும். இரண்டையும் தொட்டுப் பார்த்தேன், கப்ளரைத் திருத்தினேன், பேட்டைத் திரும்ப மாட்டினேன். மணி பத்தரை.

இந்த முறை பாட்டு கண்ணாடிக்கு நேராக எழுந்து நின்றது. பேஸ் கிட்டாரின் வரி அறுபடாமல் போனது. அதன் அடித்தந்தியை வெறுமனே மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். ஆறரை அங்குல ஸ்பீக்கரில் அது நேராக வராது, வரவும் இல்லை. ஆனால் அதே சுரத்தின் இரண்டாவது அடுக்கு 82-லும், மூன்றாவது 123-லும் இருக்கிறது. அவை ஒழுங்காக வந்தால், இல்லாத அடியைக் காது தானே போட்டுக்கொள்ளும். கதவு அடைபட்டபின் வந்தது அந்த 82-தான்.

"அண்ணே, இந்தப் பாட்டுல இப்படி ஒண்ணு இருக்கா" என்று மட்டும் கேட்டார்.

மலையேறிப் பார்த்தது

மறுநாள் நானும் கூடப் போனேன். கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைக் கடந்து, குமுளி மலைப்பாதை. இரண்டாவது கியரில் டீசல் இன்ஜின் முக்கும்போது வேறு ஒரு சத்தம் புலப்பட்டது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் 'உய்ய்ய்' என்று ஏறி, விட்டால் இறங்குகிற மெல்லிய ஊளை. ஆல்டர்னேட்டர் சத்தம். ப்ளூடூத் ரிசீவர் சார்ஜருக்கு லைட்டர் சாக்கெட்டிலும் பாட்டுக்கு ஆக்ஸிலும் செருகியிருந்தது. ஆக, எர்த் இரண்டு வழியில் செட்டுக்குப் போகிறது, அந்த வளையத்தில் ஊளை ஏறிக்கொள்கிறது. சார்ஜரைப் பிடுங்கினேன், நின்றுவிட்டது. ரிசீவருக்குள் சின்ன பேட்டரி உண்டு. வீட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டு வண்டியில் சும்மா செருகுங்கள் என்றேன். இதற்கென்றே ஐசொலேட்டர் என்று ஒரு சாமான் விற்கிறது. மட்டமானதை வாங்கினால் அதற்குள் இருக்கும் சிறு டிரான்ஸ்பார்மர் பேஸைத் தின்றுவிடும், இவ்வளவு பாடுபட்டு எடுத்த பேஸை.

செட்டின் வால்யூம் 40 வரை உண்டு. 29-க்கு மேல் போனால் ஐசி திணறிப் பாட்டு கரகரக்கிறது. ஒரு சின்ன ஸ்டிக்கரில் '28' என்று எழுதி ஓரமாக ஒட்டிக் கொடுத்தேன். முன்னும் பின்னும் சத்தத்தைப் பங்கிடும் ஃபேடரை முன்பக்கம் தள்ளி வைத்தேன். அது ஒரு வாரம்தான் நின்றது. அவருடைய அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து, "பின்னாடி ஒண்ணுமே கேக்கலையேடா, யாருக்குக் காசு போட்ட?" என்று கேட்டாராம். இப்போது ஃபேடர் நடுவில் இருக்கிறது. அம்மா சொன்னபின் ஒலியியல் பேசி என்ன ஆகப்போகிறது.

பில்: ரிசீவர் 450, ஷீட் 2,200, ஸ்பீக்கர் 4,600, வளையம் 300, கப்ளர் 250, சில்லறைச் சாமான் 350, கூலி 1,500. மொத்தம் 9,650.

மழைக்குப் பின்

ஆடியில் திரும்ப வந்தார், ஓட்டுநர் பக்கத்து மேட்டிங் சொதசொதவென்று நனைந்து. வண்டன்மேட்டில் மூன்று நாள் விடாத மழை. இதுவும் என் தவறுதான். ஓட்டைகளை ஷீட்டால் மூடிவிட்டோமே என்று, கிழிந்த பிளாஸ்டிக் தாளின் மீதியை எடுத்துவிட்டேன். ஒட்டிய ஷீட்டின் அடி விளிம்பு ஓரிடத்தில் சரியாக அழுந்தாமல் வாய் திறந்திருந்தது. உள்தகட்டில் வழிந்த தண்ணீர் அந்த வாய் வழியாகப் பேட்டின் பக்கம் இறங்கிவிட்டது. கம்பெனித் தாளின் அடி ஓரத்தைக் கதவுக்குள் மடித்துச் செருகியிருப்பார்கள், தண்ணீர் எப்போதும் உள்ளேயே விழுந்து அடித்துவாரம் வழியாகப் போகட்டும் என்று. அதைக் கவனிக்காமல் விட்டேன். விளிம்பைத் திரும்பத் துடைத்து ஒட்டி, அதன் மேல் கனமான பிளாஸ்டிக் தாளைப் போட்டு, அடியை உள்ளே செருகினேன். அடித்துவாரங்களில் இலைச்சருகு அடைத்திருந்ததையும் குத்தி எடுத்தேன். பிளை வளையம் அசையவில்லை. சேட்டனிடம் சொன்னபோது சிரித்தார். கூலி வாங்கவில்லை.

அன்றே கையில் மிச்சமிருந்த 2,350-ஓடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, தெரிந்தவரிடம் ஒரு பழைய ஆம்ப் வாங்கலாமா என்று கேட்டார். வாங்கலாம், ஆனால் ஆம்ப் விலை ஆம்ப்போடு முடியாது. பேட்டரியிலிருந்து பின்சீட் வரை தடித்த பவர் ஒயர் வேண்டும். கடையில் சீப்பாகக் கிடைப்பது செம்பு பூசிய அலுமினியம், கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அதே தடிமன் செம்பைவிடக் குறைவாகத்தான் கரண்டைக் கடத்தும், ஒரு அளவு பெரிதாகப் போட வேண்டியிருக்கும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும். எங்காவது தோல் உரிந்து பாடியில் ஒயர் தொட்டால் எரிவது ஃப்யூஸாக இருக்க வேண்டும், வண்டியாக அல்ல. எர்த் ஒயருக்குப் பெயிண்டைச் சுரண்டி வெறும் தகட்டில் போல்ட் போட வேண்டும். ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் கெயின் திருகைக் காதால் திருகக் கூடாது. 50 வாட், 4 ஓம் என்றால் மல்ட்டிமீட்டரில் மாறுமின்சாரம் (ஏசி) 14 வோல்ட் வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். இவ்வளவையும் செய்தால் கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு நிம்மதியாகச் சத்தம் கூட்டலாம். அரைகுறையாகச் செய்தால் இப்போது இருப்பதும் போகும்.

கேட்டுவிட்டு, "தீபாவளிக்கு அப்புறம் பாக்கலாம்ணே" என்றார். தீபாவளி போய்விட்டது. வந்தது சித்தப்பா மகன்தான், ஸ்கிரீனும் பேஸ் டியூபும் போட்ட அதே வண்டியில். முன் கதவைத் தட்டிப் பார்க்கச் சொன்னார்.

தம்பி வண்டியில் ஒன்று மட்டும் பாக்கி. வலது கதவில் 125 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இன்னும் எதுவோ லேசாக உதறுகிறது. சில தவில் அடிக்கு மட்டும் வரும். பூட்டுக் கம்பியா, கண்ணாடித் தடமா என்று பிடிபடவில்லை. கம்பிக்கு ஃபோம் சுற்றிப் பார்த்தாயிற்று. அடுத்த தடவை பேட்டைக் கழற்றும்போது கண்ணாடி மோட்டாரின் போல்ட்டைப் பார்க்க வேண்டும்.